லவால் வாசலில் மங்கோலியத் தகடு

மொன்றியலுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள லவால் மெட்ரோ நிலையத்தின் வாசல் என் டிக்கெட்டுக்குத் திறக்க மறுக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு எனக்குப் பஸ். பின்னால் வரிசை நீள்கிறது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர் நல்லகாலம் தமிழர்.

"அம்மா, உது மொன்றியல் தீவுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஆத்தைக் கடக்க வேற டிக்கெட் எடுக்கவேணும்."

"காலமை இதிலதானே வந்தனான்?"

"வரேக்க ஒருத்தரும் பாக்கேல்லை. போகேக்கதான் மறிப்பம்."

அவர் பார்வை என் கழுத்தில் தொங்கும் அட்டைத் தகட்டில் நிற்கிறது. நேற்று மொன்றியல் அருங்காட்சியகத்தில் மங்கோலியப் பேரரசுக் கண்காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சும்மா கொடுத்தது. இங்கிருக்கும் தங்கைக்குக் காட்டப் போட்டு வந்தேன்.

"உதென்ன?"

"மங்கோலிய அரசன்ர பாஸ், தம்பி. இது கழுத்தில கிடந்தா சீனாவிலயிருந்து பாரசீகம் மட்டும் போகலாமாம். குதிரையும் சாப்பாடும் குடுப்பினமாம். மறிக்கிறவனுக்குத் தலை போகுமாம்."

"தலை போனாப் பரவாயில்லை அம்மா. உங்களை விட்டா எனக்கு வேலை போயிடும்."

ஊர் ஊராய் எரித்த மங்கோலியர்களே வழிப்போக்கரை ஆற்றங்கரையில் மறிக்கவில்லை என்று சொல்ல வாய் உன்னுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. இன்னொரு டிக்கெட் எடுக்கிறேன். வாசல் திறக்கிறது.

தகட்டைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்கிறேன். டிக்கெட் கேட்கப் பஸ் டிரைவர் பயந்துவிடக்கூடாது.