ஒன்று தசம் ஒன்பது

போன வருடம் ஒரு பெண்ணையும் அவள் கணவனையும் நான் பிரித்தேன்.

கோள் சொல்லிப் பிரிக்கவில்லை. ஒரு கடதாசியை வாசித்துப் பிரித்தேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்லி வருகிறேன். இந்த வாரம் அந்த உரிமை எனக்கு இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதியும் கேட்டேன். "எழுதுங்க மாமா. ஆனா உங்கள நல்லவராக் காட்டி எழுதப்படாது" என்றாள். முயற்சி செய்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். ஊரில் எனக்குப் பெயர் 'சேர்'. குறிஞ்சிப்பிட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடதாசி வந்தால் அது முதலில் என்னிடம்தான் வரும். வங்கிக் கடிதம், விசாக் கடிதம், சிறுநீர்ப் பரிசோதனை... எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வைத்தியமும் தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. மரியாதை யாருக்குக் கசக்கும்?

என் தங்கச்சி சலீமாவின் மகன் நாசர். முந்தலில் ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வையாளர். கனமூலையில் ரிஹானாவைக் கலியாணம் முடித்திருந்தான். எங்கள் குடும்பங்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் இருப்பார், வீடு பெண்ணுடையது. ஆகவே நாசரும் கனமூலையில் இருந்தான். நான்கு வருடமாகப் பிள்ளை இல்லை. ரிஹானாவுக்கு முப்பத்திரண்டு வயது. சிலாபத்தில் ஒரு பெண் வைத்தியரைப் பார்த்தார்கள். அவர் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். முதலில் ரிஹானாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைத்தியரைக் காண இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஒரு வாரம் பொறுக்க என் தங்கச்சியால் முடியுமா? "ரெண்டு பேரும் ரிப்போட்டை எடுத்துக்கொண்டு இங்க வாங்க. நானா இரிக்கார்தானே" என்று போன் போட்டுவிட்டாள். நானா என்றால் அண்ணன், அதாவது நான்.

சலீமாவின் விறாந்தை. நான், சலீமா, நாசர். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் சீனி கேட்டு வந்திருந்தார்கள். சீனிக் கோப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ரிஹானா உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரையில்.

ரிப்போர்ட் இருந்த கோப்பைத் திறந்தேன். ஏ.எம்.எச். என்று ஒரு பெயர். எதிரே 1.9. கீழே பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருந்தது. என் கண்ணாடி வீட்டில் இருந்தது. போய் எடுத்து வருவதற்கு வெட்கம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! போனைத் தட்டினேன். எந்த நாட்டிலோ ஓர் ஆஸ்பத்திரியின் பக்கம் வந்தது. போனில் எழுத்தைப் பெருப்பிக்கலாம் பாருங்கள். இது பெண்ணின் முட்டை இருப்பைக் காட்டும் ஹோமோன், ஐந்துக்குக் கீழே என்றால் மிகவும் குறைவு என்று போட்டிருந்தது.

ஒன்று தசம் ஒன்பது ஐந்தைவிடச் சிறியது. இதைச் சொல்ல ஒரு கணித ஆசிரியர் தேவையில்லை. ஆனாலும் நான்தான் சொன்னேன்.

"என்ன நானா போட்டிரிக்கு?"

"முட்டை இருப்பு முடியிற நிலைமை."

"முடிஞ்சிட்டா?"

"கிட்டத்தட்ட."

அந்தக் 'கிட்டத்தட்ட' விறாந்தைப் படியைத் தாண்டவில்லை. 'முடிஞ்சிட்டு' மட்டும் தாண்டியது. சீனிக் கோப்பைகளோடு புறப்பட்டு, அசர் தொழுகைக்கு முன்னம் கனமூலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைத்தியரிடம் அவர்கள் திரும்பப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? சேர்தான் வாசித்துவிட்டாரே! பத்தாம் நாள் நாசர் ஒரு பேக்குடன் உம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாதம் ஒன்று கழிய, சலீமா என் வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்துப் பேசினாள். கற்பிட்டியில் ஒரு இடம் இருக்கிறதாம். இருபத்திரண்டு வயதாம். "ரெண்டாவது முடிக்க மார்க்கத்துல இடமிரிக்குத்தானே நானா?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இனி, லண்டனில் இருக்கும் என் மகன். ஒருநாள் போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "வாப்பா, காலையில சுகர் பாத்தேன். ஆறு" என்றான்.

என்னுடையது நூற்றிருபத்தாறு. "ஆறா! உடனே சீனி அள்ளி வாயில போடு! பக்கத்துல ஆர் இரிக்கா? ஆரையாவது கூப்பிடு!"

அவன் சிரித்தான். "வாப்பா, இங்க அலகு வேற. உங்கட கணக்குல அது நூத்திப்பத்துக்குக் கிட்ட. நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன்.

அலகு எழுதாத விடைக்கு நான் என் வாழ்நாளில் புள்ளி போட்டதில்லை. பையன்கள் அழுதிருக்கிறார்கள். 'ஐந்து என்றால் என்ன, ஐந்து மீற்றரா, ஐந்து மாங்காயா?' என்று கேட்டு அவர்களை வாங்கில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அரை மணித்தியாலம் தேடியபின் விளங்கியது: இந்த ஹோமோனுக்கும் இரண்டு அலகுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆய்வுகூடங்கள் ஓர் அலகில் எழுதுகின்றன. நான் போனில் பார்த்த அட்டவணை மற்றதில் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஏறத்தாழ ஏழால் பெருக்க வேண்டும். ரிஹானாவின் ஒன்று தசம் ஒன்பது அந்த அட்டவணையில் பதின்மூன்றுக்கு மேலே போகிறது.

மாங்காய்க் கேள்வியை இப்போது யார் என்னிடம் கேட்பது?

இம்முறை நானே முடிவு சொல்லத் துணியவில்லை. சிலாபத்துக்குப் பஸ் ஏறினேன். அதே வைத்தியரிடம் இலக்கம் எடுத்தேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் இளம்பெண்கள். தாதி சிங்களத்தில் கேட்டாள்: "நோயாளி எங்கே?" நான்தான் என்றேன். என் தாடியைப் பார்த்தாள். பிறகு, சரியான கதவுதானா என்று பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

வைத்தியர் பொறுமையானவர். யாருடைய ரிப்போர்ட் என்று கேட்டார். "ஒரு கணக்கு" என்றேன். "முப்பத்திரண்டு வயது, ஒன்று தசம் ஒன்பது, இன்ன அலகு." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னொருவரின் ரிப்போர்ட்டைப் பற்றிக் கதைக்க மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன் என்றார். அந்த வயதுக்கு அது சாதாரணமான அளவுதானாம். வயது ஏற ஏற எல்லாப் பெண்களுக்கும் இறங்கும். இறங்காத பெண் இல்லையாம்.

"அங்கிள், தேங்காய்க் கொட்டிலில் எத்தனை காய் கிடக்கிறது என்று இந்தப் பரிசோதனை உத்தேசமாகச் சொல்லும். எந்தக் காய் நல்லது என்று சொல்லாது. பிள்ளை உண்டாகுமா, உண்டாகாதா என்றும் சொல்லாது. ஊசி போட்டுச் சிகிச்சை செய்கிற நேரம், உடம்பு எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்று பார்க்க எங்களுக்கு உதவும். மற்றபடி, மாதத்துக்கு ஒரு காய்தானே தேவை?"

நேரே சலீமாவின் வீட்டுக்குப் போனேன். அலகு, பெருக்கல், தேங்காய்க் கொட்டில் எல்லாவற்றையும் விளக்கினேன். கடதாசியில் படம்கூடக் கீறினேன். முக்கால் மணித்தியாலம். சலீமா அமைதியாகக் கேட்டாள். முடிவில் சொன்னாள்:

"நானா, ஒண்டுமில்லாட்டி 'ஒண்டுமில்ல' எண்டு சொல்ல ஒரு நிமிஷம் போதும். நீங்க இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிச்சிக் கதைக்கிறீங்க எண்டா... என்னமோ இரிக்கு."

கெட்ட செய்திக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுக்க ஒரு பாடவேளை போதவில்லை. என் அனுபவத்தில், ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்ன எதையும் ஊர் இலகுவில் திருப்பித் தராது.

மிச்சமிருந்தது கனமூலை. ரிஹானா முன்பள்ளி ஆசிரியை. முன்னறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் படங்களுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாப்பா என்னைக் கண்டதும் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மகள், நான் அந்த ரிப்போட்டைப் பிழையா வாசிச்சிட்டேன்."

"தெரியும் மாமா."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கு ராவே. அந்தக் கடதாசியிலேயே அட்டவணை இரிக்கே. வயசு போட்டு, அளவு போட்டு. எனக்குக் கண் நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் மகள் சொல்லல்ல?"

"சொன்னேனே. உங்கட மருமகனுக்குச் சொன்னேன். 'சேரை விட உனக்குத் தெரியுமா?' எண்டு கேட்டார்." ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். "சரி மாமா, நான் ஒண்டு கேக்கட்டா? அந்த நம்பர் மெய்யாவே குறைவா இருந்திருந்தா? அப்ப அவர் பேக்கைத் தூக்கினது சரியா?"

நான் அழிக்க வந்தது பெருக்கல் பிழையை மட்டும்தான்.

அவள் விடவில்லை. "இன்னொண்டு. அந்தக் கோப்புக்குள்ள டொக்டர் எழுதின கடிதமும் இருந்திச்சி. நீங்க அத எடுத்தீங்க. நீட்டிப் பிடிச்சி வாசிச்சீங்க... வாயால இல்ல. பிறகு மடிச்சி உள்ள வெச்சீங்க. நான் கதவிடுக்கால பாத்துக்கொண்டுதான் இருந்தேன்."

வாசகர்களே, இதை நான் உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை.

அந்தக் கடிதம் கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி தேவைப்படவில்லை. கணவனுக்கும் விந்துப் பரிசோதனை செய்து, இரண்டு முடிவுகளோடும் இருவரும் சேர்ந்து வரும்படி எழுதியிருந்தது. தங்கச்சியின் முன்னால், அவள் மகனுக்கும் பரிசோதனை என்று வாசிக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. மடித்து வைத்தேன். அவளுடைய கடதாசியை ஊருக்கு வாசிக்க எனக்கு வெட்கம் வரவில்லை. அவனுடையதை வாசிக்க வந்தது.

அலகுப் பிழை, பிழை. கண்ணாடி மறந்த கிழவனை யாரும் மன்னிப்பார்கள். இது வேறு.

"நான் என்ன செய்யணும் மகள்?"

"எனக்கு ஒண்டும் செய்ய வேணாம். வாசிக்காம விட்டத வாசிங்க. அவ்வளவுதான்."

கடிதத்தை எடுத்துத் தந்தாள்.

மறுநாள் அதே விறாந்தை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் நானே போய்க் கூட்டிவந்தேன். அன்று சீனி தேவையில்லை என்றார்கள். பரவாயில்லை, வாருங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, கடிதத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை தமிழில் வாசித்தேன். இதை அன்றே மறைத்தவன் நான் என்பதையும் சொன்னேன்.

"எண்ட புள்ளைக்கு என்ன குறை?" சலீமா எழுந்துவிட்டாள்.

"குறை எண்டு ஆரும் சொல்லல்ல தங்கச்சி. பாக்கச் சொல்லி இரிக்கு. ரிஹானாவையும் பாக்கத்தான் சொன்னது. குறை எண்டு சொன்னது நான்."

"நானா, உங்களுக்கு வயசு போயிட்டுது. வீட்டுக்குப் போங்க."

அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. பெருநாளைக்கு எல்லா வீட்டுக்கும் வட்டிலாப்பம் அனுப்பினாள். என் வீட்டைத் தாண்டிப் போனது. கற்பிட்டிக்காரர் மட்டும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இம்முறையும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

அன்று நாசர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். இரண்டு வாரம் கழித்து என் வீட்டு வாசற்படலையில் வந்து நின்றான். கையில், ஒட்டப்பட்ட ஓர் ஆய்வுகூட உறை. "மாமா, இத ஒருக்கா..." என்று நீட்டினான்.

என் கை எழும்பியது. நாற்பது வருடப் பழக்கம். கீழே இறக்கினேன்.

"இது எனக்கில்ல மகன். இத ரெண்டு பேரும் ஒண்டா இருந்து உடைங்க. கனமூலைக்கு பஸ் இப்ப வரும்."

போனான். ரிஹானா அவனை உள்ளே எடுத்தாளா? முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் முறை உறையை மட்டும் வாங்கினாளாம். நான்காம் முறை அவனையும். இப்போது முன்னறையில் படுக்கிறான் என்று கேள்வி. இருவரும் சேர்ந்து சிலாபத்துக்குப் போய் வருகிறார்கள். உறைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்காதீர்கள், தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டேன்.

போன வாரம், இதை எழுத அனுமதி கேட்கப் போனபோது அவளிடம் நேராகவே கேட்டேன். "மகள், என்னை மன்னிச்சிட்டியா?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர மன்னிக்கிற வேலையே இன்னம் முடியல்ல மாமா. நீங்க பின்னால வரிசையில நில்லுங்க."

நிற்கிறேன்.