ஓடக்காரன் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

மேற்குத் தாம்பரத்தில் பத்தொன்பது வருடம் வீடியோ லைப்ரரி நடத்தினேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் அப்பா, "பையன் லைப்ரரி வச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பெண் வீட்டார் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கல்யாணமாகி மறுவாரம் கடைக்கு வந்த என் மனைவி, புத்தகம் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினாள். அன்று அவள் முகம் போன போக்கைப் பிறகு பல வாடிக்கையாளர்களிடமும் பார்த்தேன். குறிப்பாக, ரெஸ்டோர் செய்த குங்ஃபூ படங்களை நான் சேர்க்க ஆரம்பித்த பிறகு.

இந்தத் தொழிலுக்கு இனி யாரும் வரப்போவதில்லை. ஆகவே இதில் தொழில் ரகசியம் ஏதும் இல்லை. ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் மட்டும் படித்துக்கொள்ளலாம்.

1. கருப்புப் பட்டை

கேசட் போய், விசிடி வந்து, அதுவும் போய் டிவிடி வந்த காலம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மச்சினன் லீவுக்கு வரும்போது வழக்கமாகத் தைலம் கொண்டுவருவான். ஒரு தடவை தைலத்துக்குப் பதில் ஒரு பழைய குங்ஃபூ படத்தின் டிவிடி கொண்டுவந்தான். பழைய நெகடிவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கீறல் நீக்கி, நிறம் திருத்தி, வெட்டுப்பட்ட காட்சிகளை ஒட்டி வெளியிட்டது. பல வருடமாக நான் வாடகைக்கு விட்ட அதே படம்தான். ஆனால் நான் விட்டதில் வானம் பழுப்பு நிறம். இதில் நீலம். வில்லனுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அகலத்திரையைச் சதுரமாக்கியதில் அத்தனை வருடம் அவன் வெளியே நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. நான்கு வருடத்தில் அறுபது படம் சேர்ந்தது. டிஸ்க் எந்த நாட்டில் ஓடலாம் என்று பூட்டிவைக்கும் ரீஜன் கோடு வேறு நாட்டுடையது என்பதால் என் விலையுயர்ந்த பிளேயர் அவற்றைத் தொட மறுத்தது. பஜாரில் வாங்கிய பெயரில்லாத பிளேயர் எல்லாவற்றையும் ஓட்டியது.

வாடிக்கையாளர்கள் ஓட்டவில்லை. முதலில் எடுத்துப்போன வங்கி ஊழியர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "சார், மேலயும் கீழயும் கருப்பா பட்டை வருது. படம் பாதிதான் தெரியுது. டிஸ்க் ஃபால்ட்டா?" இப்போதுதான் சார் முழுப் படமும் தெரிகிறது என்று விளக்கினேன். அவர் என்னை அனுதாபத்துடன் பார்த்துவிட்டு, "கராத்தே படத்துக்கு எதுக்கு சார் இவ்ளோ?" என்றார். குங்ஃபூ வேறு, கராத்தே வேறு என்று ஆரம்பித்தேன். அவர் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

2. ஞானராஜ் சார் கேட்ட படம்

என் சேமிப்பைப் பொருட்படுத்திய ஒரே மனிதர் சேலையூர் ஞானராஜ் சார். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். ஞாயிறு சர்ச் முடிந்து நேராகக் கடைக்கு வருவார், பைபிளைக் கௌண்டரில் வைத்துவிட்டு உதைகளைப் பற்றிப் பேசுவார்.

அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கடைகளில் படத்தின் உண்மைப் பெயரை யாரும் சொல்வதில்லை. நாங்கள் அதை 'ஓடக்காரன் படம்' என்போம். எண்ணெய் விற்கும் கிழவரிடம் ஒரு ஓடக்காரன் சண்டை கற்றுக்கொள்கிறான். பாட்டிலின் வாய் நனையாமல் எண்ணெய் ஊற்றுவதுதான் பயிற்சி. கடைசியில் நடு ஆற்றில், ஓடத்தின் மேல், வில்லனோடு சண்டை. கல்லூரி நாட்களில் ஞானராஜ் சாரும் அவர் அண்ணன் ஜெயராஜும் தாம்பரத்துக் கொட்டகை ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறார்கள். வில்லன் துடுப்பை ஓங்கும் இடத்தில் பிரிண்ட் முடிந்து விளக்கு போட்டுவிட்டார்கள். கடைசி ரீல் வரவே இல்லையாம். சேலையூர் வரை நடந்தே வந்த அண்ணனும் தம்பியும் வழியெல்லாம் சண்டை. ஓடக்காரன் செத்தான் என்று அண்ணன். பிழைத்தான் என்று தம்பி. அந்தச் சண்டை வருடக்கணக்கில் வீட்டில் ஓடியிருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில், கல்யாணங்களில், பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில்கூட.

பிறகு அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது நிஜமான சண்டை வந்தது. அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டார். எட்டு வருடமாகப் பேச்சு இல்லை.

"வீட்டைப் பத்திப் பேசினா மறுபடி அதேதான்" என்றார் ஞானராஜ் சார். "படம் கிடைச்சிருக்கு, வந்து பாருன்னு கூப்பிட்டா வருவான். தான் சொன்னதுதான் சரின்னு காட்டறதுக்காகவாவது வருவான்."

மச்சினனுக்கு எழுதினேன். ஆகஸ்டில் ரெஸ்டோர் செய்த பிரதி வந்தது, கடைசி ரீலோடு. ஞானராஜ் சார் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார், கிறிஸ்துமஸுக்கு வருவதாகப் பதில் வந்தது. நான் இரண்டு வாங்கச் சொல்லியிருந்தேன். ஒன்று வாடகைக்கு, ஒன்று பத்திரத்துக்கு. சேகரிப்பவன் புத்தி அது. கீறல் விழும் என்று நானே போட்டுப் பார்க்கவில்லை.

3. தடைப்பட்டியல்

வாடகைப் பிரதியை முதலில் எடுத்துப்போனவன் ஏழுமலை. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிறவன். வியாபாரம் முடிந்து, செதில் ஒட்டிய கையோடு கடைக்கு வருவான். டிஸ்கை அவன் விரலால் வாங்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ கிழியும். மூன்று நாளாகியும் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் மாலையே சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் அவன் பெயரை எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். 'கீழ்க்கண்ட உறுப்பினர்களுக்குப் படம் வழங்கப்படமாட்டாது.' கையெழுத்து நன்றாகவே அமைந்திருந்தது.

மறுநாள் ஞானராஜ் சார் வந்து, இருக்கும் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா, ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றார். கொடுத்திருக்கலாம். ஆனால் ஏழுமலை மேல் இருந்த கோபம் எல்லார் மேலும் பரவியிருந்தது. உங்கள் பிளேயர் லென்ஸ் சரியில்லை, கீறிவிடும், மழைக்காலம் வேறு வருகிறது, அண்ணன் கிறிஸ்துமஸுக்குத்தானே வருகிறார், அதுவரை நான் வைத்திருக்கிறேன் என்றேன்.

"என்கிட்ட இருக்கறதைவிட உங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்றார் அவர். பாவம், நம்பிச் சொன்னார்.

4. பீரோ

அறுபது படங்களையும் இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். கரப்பான் அட்டைப்படத்தை அரிக்காமலிருக்க, தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டேன். ஓடக்காரன் மேல் தனிப் பாசம் என்பதால் அதன் பெட்டிக்குள்ளேயே இரண்டு உருண்டை வைத்தேன்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. பெருங்களத்தூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். என் கடையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில் பீரோவைத் திறந்தேன். எல்லா டிஸ்குகள் மேலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

கேசட் காலத்து ஆளுக்கு வெள்ளையைப் பார்த்தால் ஒரே எண்ணம்தான் வரும். பூஞ்சை. மழைக்காலத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், அதை விசிஆரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், ஹெட்டைப் பெயிண்ட் தின்னரில் துணி தோய்த்துத் துடைப்போம், படம் பளிச்சென்று வரும். இந்த வைத்தியத்தில் நான் தாம்பரத்திலேயே கைராசிக்காரன் என்று பெயர். மேல் தட்டில் அந்தத் தின்னர் டின் இன்னும் இருந்தது. இருந்ததுதான் பிரச்சினை.

அறுபது டிஸ்கையும் துடைத்தேன். மிகவும் பொறுமையாக, வட்டம் வட்டமாக.

அது பூஞ்சை இல்லை. அந்துருண்டை ஆவியாகிப் படிந்த தூள். பிளேயர் ரிப்பேர் செய்கிறவர் பிறகு சொன்னார்: "ஃபேனைப் போட்டு விட்ருந்தா தானா பறந்து போயிருக்கும் சார்." தின்னர் பறந்து போகவில்லை. பிளாஸ்டிக்கைத் தின்று, கண்ணில் புரை விழுந்த மாதிரி ஆக்கியது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஓடக்காரனை மட்டும் பிளேயரில் போட்டேன். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அணைத்துவிட்டேன். கேசட்டைச் சோதிப்பது அப்படித்தான், ஆரம்பம் ஓடினால் எல்லாம் ஓடும்.

டிஸ்க் உள்ளே ஆரம்பித்து வெளியே முடியும் பொருள். படத்தின் கடைசி, வெளி விளிம்பில் இருக்கிறது. துடைக்கும்போது நான் அழுத்திப் பிடித்திருந்தது விளிம்பை.

5. கிறிஸ்துமஸ் மறுநாள்

என் பிளேயரைத் தூக்கிக்கொண்டு சேலையூருக்குப் போனேன். அண்ணன் ஜெயராஜ் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கேக் டப்பா. சகோதரர்கள் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான். முதல் அரைமணி நேரம் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்பார் தம்பி. "சர்க்கரை போடாம இருந்தா குடிப்பேன்னு சொல்லுங்க" என்பார் அண்ணன். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் இடையில் ஐந்தடி தூரம்.

எண்ணெய் ஊற்றும் காட்சி வந்தது. ஓடக்காரன் முதல் தடவை ஊற்றும்போது முழுதும் மடியில் கொட்டுகிறது. அண்ணன் சிரித்தார். "டேய், நீ அம்மா வச்சிருந்த நல்லெண்ணெயைப் பூரா இப்படித்தானே கொட்டின" என்று நேராகத் தம்பியைப் பார்த்துச் சொன்னார். எட்டு வருடத்தில் முதல் வார்த்தை. ஞானராஜ் சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நான் எழுந்து கேக் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர்கள் பேசியதெல்லாம் எனக்கு எதற்கு. நடு ஆறு வந்தது. ஓடம் வந்தது. இரண்டு பேரும் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார்கள். வில்லன் துடுப்பை ஓங்கினான்.

படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. சரியாக அதே இடத்தில் என்று சொன்னால் கதை என்பீர்கள். அரை நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

எடுத்துச் சட்டையில் துடைத்தேன். பற்பசை தடவினேன். தாண்டித் தாண்டி ஓட்டினேன். நோ டிஸ்க், நோ டிஸ்க் என்றது. பதினைந்து நிமிடம் பொறுத்த அண்ணன் எழுந்தார்.

"நீ எப்பவும் இப்படித்தான்டா" என்றார், கோபமில்லாமல். "வா வான்னு கூப்பிடுவ. வந்து பார்த்தா எதுவும் முழுசா இருக்காது. வீட்டைப் பிரிச்சப்பவும் இதேதான்."

"அண்ணா, இது அவர் டிஸ்க்..."

"அதைத்தான் சொல்றேன். எப்பவும் வேற யாராவது."

வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அதன் பிறகு கால்மணி நேரம் நடந்ததை எழுத விருப்பமில்லை. கெடுத்தது நான் என்று நடுவில் இரண்டு தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. கேக் டப்பா பிரிக்காமலே இருந்தது.

6. குப்பம்

ஏழுமலையைத் தேடிப்போக எனக்கு ஒரு மாதம் ஆனது. வெட்கம்தான் காரணம். மார்க்கெட்டில் விசாரித்து அவன் குப்பத்துக்கே போனேன். வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். டிவிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து உறையில்லாத டிஸ்கை எடுத்து நீட்டினான். விளிம்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"குடுக்கத்தான் வந்தேன் சார். கதவுல என் பேரை எழுதி ஒட்டிக்கினு கீற. நாலு பேரு நின்னு படிச்சிக்கினு இருக்காங்கோ. எப்டி உள்ள வர்றது, சொல்லு?"

ஓடுகிறதா என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட. ஞாயித்துக்கெழம ஆனா தெருவே இங்கதான் கீது. தண்ணில கழுவி லுங்கில தொடச்சுப் போடுவேன், அவ்ளோதான்."

போட்டுக் காட்டினான். சதுர டிவியில், கருப்புப் பட்டையோடு, நடுங்காமல் ஓடியது. கடைசிப் பத்து நிமிடத்தை அங்கேதான் முதல் தடவை பார்த்தேன். ஓடக்காரனும் வில்லனும் தண்ணீரில் விழுகிறார்கள். ஓடம் மட்டும் மெதுவாக வந்து கரையில் தட்டி நிற்கிறது. ஆள் இல்லை. படம் முடிந்தது. உடனே ஏழுமலையின் மனைவி ஓடக்காரன் செத்துட்டான் என்றாள். ஏழுமலை, "கடல்ல போறவன் கேட்டா சொல்லுவான், நீந்தி அந்தாண்ட ஏறிக்கினான்" என்றான். அந்தத் தெருவில் வாராவாரம் இதுதான் சண்டையாம்.

7. சேலையூர் கேட்

டிஸ்கை வாங்கிக்கொண்டு அங்கிருந்து நேராக ஞானராஜ் சார் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தவர் டிஸ்கைப் பார்த்தார், கையில் வாங்கவில்லை.

"போன வியாழக்கிழமை அண்ணன் போயிட்டான். அட்டாக். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பேசவே இல்ல."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அது உபயோகமற்றது.

"இதுல கடைசி வரைக்கும் இருக்கா?"

"இருக்கு சார்."

"நீங்க பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதீங்க" என்றார். "அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமலே இருக்கட்டும்."

அன்று டிசம்பரில் அந்த ஓடம் காலியாகக் கரை சேர்ந்திருந்தால், இருவருக்கும் வெற்றி கிடைத்திருக்காது. பழைய சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். பேசிக்கொண்டே சண்டை போட்டிருப்பார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

டிஸ்கை ஏழுமலையிடமே திருப்பிக் கொடுத்தேன். கதவிலிருந்து சார்ட் பேப்பரைக் கிழித்தேன். மற்ற அறுபதும் குப்பைக்குப் போயின. அடுத்த இரண்டு வருடத்தில் கடையும் போயிற்று, அதை யாரும் கவனிக்கவில்லை.

தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கேட்டவரிடம் கேட்ட அன்றே கொடுத்துவிட வேண்டும். கீறல் விழும், செதில் ஒட்டும், திரும்பி வராமலும் போகும். அவ்வளவுதானே. பத்திரமாக வைத்தால் நடப்பது அதைவிட மோசம்.

பீரோ இப்போது வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதில் பட்டுப்புடவைகளை வைத்திருக்கிறாள். அந்துருண்டையும் போட்டிருக்கிறாள். புடவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் எடுத்துக் கட்டிக்கொள்கிறாள்.