சுழல் போகாத மட்டை

கல்முனையில் நான் கோப்பு எழுதும் லிகிதராக இருந்த அரசாங்கக் கந்தோருக்குப் புதிய மேலதிகாரி வந்தபோது, ஜீப்பிலிருந்து அவருடைய பெட்டி இறங்கும் முன்னே ஒரு மேசைப்பந்து மட்டை இறங்கியது. அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. துணிப்பையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரே இறங்கினார். எங்கள் பிரதம லிகிதர் அதைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்:

"தம்பி, இனி நாம எல்லாரும் மேசைப்பந்துதான்."

இந்த விடயங்களில் அவர் பிழை விட்டதே இல்லை. முன்பிருந்த மேலதிகாரி புறா வளர்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் பிரதம லிகிதர் கட்டுச்சோற்றோடு ஒரு பொட்டலம் பயறும் கொண்டுவருவார். அதற்கும் முன்பிருந்தவருக்கு றோசாச் செடி என்றால் உயிர். அப்போது இவருடைய கால்சட்டைப் பைக்குள் மாட்டெரு மணத்ததாம்.

எங்களுடையது நெல்லோடு சம்பந்தப்பட்ட கந்தோர். நாவிதன்வெளியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வெள்ளாமைக்காரர்கள் தண்ணீர், விதைநெல் என்று ஏதாவது ஒரு பிரச்சினையோடு வருவார்கள். அவர்கள் இருந்து காத்துக்கொண்டிருக்க ஓர் அறை இருந்தது. புதியவர் வந்த கிழமையே, ஏழாம் நாள் முடியும் முன்னே, அந்த அறை விளையாட்டறை ஆகிவிட்டது. இரண்டு பழைய கூட்ட மேசைகளைப் பொருத்தி, தச்சுவேலை ஓடாவியாரைக் கொண்டு சீவி, பச்சை மை பூசி, நடுவில் வலை கட்டினோம். வெள்ளாமைக்காரர்கள் வாகை மர நிழலுக்கு மாறினார்கள். அங்கே நல்ல காற்று என்று மேலதிகாரி சொன்னார். அது உண்மைதான்.

அவர் மலைநாட்டுப் பக்கத்து முஸ்லிம். சிவந்த, வாட்டசாட்டமான மனிதர். தலைமுடிக்கு வாசனை எண்ணெய் தடவி, பேசும்போதெல்லாம் அதைக் கோதிக்கொண்டிருப்பார். மனதில் வஞ்சகம் கிடையாது. மேசைப்பந்தில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். பந்தை எறிந்து, மட்டையால் அதன் பக்கத்தைச் சீவி அனுப்புவார். அது நேரே வருவது போல வந்து, எங்கள் பக்கத்தில் குத்தியதும் இடப்பக்கமாக ஓடிவிடும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் விடுதி முழுவதையும் அந்த ஒரு சேர்விஸால் வென்றவராம்.

முதல் நாள் எல்லோரும் உண்மையாகவே தோற்றார்கள். "பந்து கிறுகுது சேர்! கண்ணுக்கு முன்னாலயே கிறுகிப் போகுது!" என்று பிரதம லிகிதர் கூவினார். என் முறை வந்தது. நான் பாடசாலை விடுதியில் கொஞ்சம் விளையாடியவன். சுழலும் பந்தை எப்படித் தொடுவது என்று தெரியும். மட்டையைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். பந்து திரும்பிப் போய் அவர் பக்கத்து மூலையில் விழுந்தது.

பிரதம லிகிதர் என் காலை மிதித்தார். அடுத்த பந்தை நான் வலையில் அடித்தேன். எனக்கு நியமனக் கடிதம் வந்தது முந்திய வருடம் என்றாலும் அரசாங்க ஊழியனானது அந்தப் பந்தோடுதான்.

ஆறேழு மாதத்தில் அவருடைய மட்டையின் றப்பர் வழுக்கை விழுந்துவிட்டது. கடற்காற்று எங்கள் ஊரில் சைக்கிளையும் விடாது, ஜன்னல் கம்பியையும் விடாது. அவர் ஒரு நாள் சேர்விஸ் போட்டுவிட்டு, பந்து நேரே போவதை அவரே பார்த்துவிட்டார்.

"இந்தக் காத்துக்கு இது தாங்காது," என்றார். "சுழல் கனகாலம் நிக்கிற மட்டை ஒண்டு எடுக்கணும். எல்லாரும் யோசிங்க."

யோசிப்பதற்கு நலன்புரிச் சங்கம் ஒரு துணைக்குழுவை அமைத்தது. தலைவர் பிரதம லிகிதர், செயலாளர் நான். விதைநெல் விடயத்துக்கு மாதக்கணக்காகக் கூடாத ஆட்கள் மட்டை விடயத்துக்குத் தேநீரோடு கூடினார்கள். சீன மட்டையா, யப்பான் மட்டையா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. சிவப்பு றப்பர்தான் சூடு தாங்கும் என்றார் ஒருவர். கறுப்புத்தான் உப்புத் தாங்கும் என்றார் மற்றவர். பிரதம லிகிதர் தன் மச்சான் சவூதியில் இருப்பதாகவும், ஒரு கடிதம் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

"சவூதியில மட்டை செய்யிறயா காக்கா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"அங்க இல்லாத சாமான் என்ன இரிக்கி? நீ குறிப்பை மட்டும் எழுது."

கடைசியில், மட்டையைப் பற்றி ஏதோ தெரிந்தவன் என்று என்னையே கொழும்புக்கு அனுப்பத் தீர்மானமானது. தலைமைக் கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டிய கோப்புகள் சிலவும் அவசரமாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிது அது. புறக்கோட்டையில் காணாத சாமான் இல்லை. விளையாட்டுச் சாமான் கடையொன்றில் முதலாளி இரண்டு மட்டைகளை என் முன்னால் வைத்தார். ஒன்றின் றப்பர் பசை பூசியதுபோல ஒட்டியது. அதில் பந்தை அமத்தி, மட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பந்து விழாமல் தொங்கியது.

"எல்லாரும் இதத்தான் எடுக்கிற தம்பி," என்றார்.

மற்றதில் பந்து ஒட்டவில்லை. ஆனால் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். றப்பர் விரலைக் கவ்வி, இழுபட்டு, மெல்லத்தான் விட்டது. விடுதியில் எங்களுக்கு விளையாட்டுப் பழக்கிய அண்ணன் ஒருவர் இதைச் சொல்லித் தந்திருந்தார்: மேலே ஒட்டுகிற பசை தூசி பட்டால் போய்விடும், றப்பரே கவ்வினால், ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து நெடுங்காலம் விளையாடலாம். சுழல் நிற்பது இரண்டாவதில்தான். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

முதலாவதை வாங்கினேன்.

அதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. இரண்டாவது மட்டையைக் கொண்டுபோய், "இது இப்ப ஒண்டும் காட்டாது சேர், ஆனா ஒரு வருசம் கழிச்சும் இப்பிடியே இரிக்கும்" என்று சொன்னால் எந்த மேலதிகாரிக்குச் சந்தோசம் வரும்? ஒரு வருடத்துக்குள் அவருக்கோ எனக்கோ மாற்றலாகிவிடும். கட்டிய கையோடு திறந்துவைத்துப் படம் பிடிக்கக்கூடிய மதகுதான் நல்ல மதகு என்பதை அதற்குள் நான் கந்தோரில் கற்றிருந்தேன்.

மட்டை வந்த அன்று கந்தோரில் பெருநாள் போலக் கொண்டாட்டம். பந்து தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்! துணைக்குழுட தெரிவு எப்பிடி சேர்?" என்று பிரதம லிகிதர் நெஞ்சை நிமிர்த்தினார். மேலதிகாரி ஒரு கிழமைக்கு வருவோர் போவோருக்கெல்லாம் அதைக் காட்டினார். வாகை மரத்தடிக்கும் கொண்டுபோய் ஒரு வயதான வெள்ளாமைக்காரருக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா? விழாது!"

"ஓம் சேர், விழல்லதான். வாய்க்கால் தண்ணி எப்ப சேர் விழும்?" என்றார் அவர்.

பசை நான் நினைத்ததைவிட வேகமாகப் போனது. உப்பும் தூசியும் போதாதென்று, மேலதிகாரி தலையைக் கோதிய கையாலேயே றப்பரைத் தடவித் துடைப்பார். நோன்பு வருவதற்கு முன்பே மட்டை கண்ணாடி போலாகிவிட்டது. பந்து நேர்கோட்டில் வந்தது. குழந்தையும் திருப்பி அடிக்கும்.

ஆனால் யாரும் திருப்பி அடிக்கவில்லை. எப்படி அடிப்பது? நேற்றுவரை இடப்பக்கம் ஓடிய பந்து இன்று நேரே வருகிறது என்று முதலில் சொல்பவன் யார்? ஆகவே பந்து சுழலாவிட்டாலும் நாங்கள் சுழன்றோம். நேரே வரும் பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்து, காற்றை அடித்து, "சே!" என்று தலையில் கைவைத்தோம். சேர்விஸ் முன்னையைவிடப் பயங்கரமாகிவிட்டது என்றும் சொன்னோம். நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை நடந்த போட்டியில் மேலதிகாரி ஒருவருக்கும் ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்காமல் கிண்ணத்தை வென்று, விடாமுயற்சியைப் பற்றி உரையாற்றினார். எங்கள் முயற்சியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

பிறகு அம்பாறையில் கந்தோர்களுக்கிடையிலான போட்டி வந்தது. நானும் பிரதம லிகிதரும் கூடப் போனோம். மேலதிகாரிக்கு முதல் ஆட்டத்தில் எதிரே வந்தவர் வேறொரு கந்தோரில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். வினாயகபுரத்துக்காரர், ஒல்லியாக, கறுப்பாக, எந்நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் எங்கள் வழக்கத்தைச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மேலதிகாரி சேர்விஸ் போட்டார். இளைஞர் நின்ற இடத்தில் நின்றே திருப்பினார். மறுபடியும் போட்டார். மறுபடியும் வந்தது. தலையைக் கோதி, மட்டையைத் தடவி, மூன்றாவதைப் போட்டார். இளைஞர் அதை மூலையில் அடித்துவிட்டு, ஏதோ உபாயம் இருக்கிறது, தனக்குத்தான் விளங்கவில்லை என்பதுபோலக் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தபோது மேலதிகாரியின் கணக்கில் இருந்தது இளைஞர் அவசரப்பட்டு வெளியே அடித்த பந்துகள் மட்டுந்தான்.

அவர் மூலையில் போய் நின்று, பந்தை மட்டையில் அமத்தித் தலைகீழாகத் திருப்பினார். பந்து விழுந்து உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஜீப்பில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வயல் பச்சை. காரைதீவுச் சந்தி தெரியத் தொடங்கியதும் அவர் முன்னே பார்த்தபடி கேட்டார்:

"எப்ப இருந்து?"

"எது சேர்?" என்றார் பிரதம லிகிதர்.

"உங்களுக்கிட்டக் கேக்கல்ல. செயலாளர் சொல்லட்டும்."

"நோன்புக்கு முந்தியே போயிட்டு சேர்," என்றேன்.

"அப்ப அந்தக் கிண்ணம்?"

நான் வயலுக்குள் கண்ணைத் திருப்பினேன். அவர் வழியெல்லாம் தலையைக் கோதவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். பாவமாக இருந்தது. தோற்ற மனிதரைப் பார்த்திருக்கிறேன். தான் வென்றதெல்லாம் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரையும் விளையாட்டறைக்கு அழைத்தார். "இண்டைக்கு ஒவ்வொருத்தரும் உண்மையா விளையாடணும். இது உத்தரவு," என்றார். உத்தரவென்றால் நாங்கள் மீறுவதில்லை. பந்துகளை ஒவ்வொருவராகத் திருப்பி அடித்தோம். தட்டெழுத்தாளர் பழையபடி இடப்பக்கம் பாயத் தொடங்கி, பாதியில் நினைவு வந்து நின்றார். கடைசியில் பிரதம லிகிதரின் முறை. அவர் பந்தைத் தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார்.

"போதும்!" மேலதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "இன்னுமா நடிக்கிறீங்க? உங்களாலதான் எல்லாரும் கெட்டது!"

"வல்லாஹி சேர், நடிக்கல்ல!" பிரதம லிகிதர் சத்தியம் செய்து, அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். "எனக்கு இந்தச் சனியன் வராது சேர். முதல் நாள் இருந்தே வராது. நான் ஒரு நாளும் சும்மா தோக்கல்ல!"

அது உண்மை என்று அந்தக் கணமே எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. கந்தோரிலேயே நேர்மையாகத் தோற்றுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். இவ்வளவு காலமும் யாருக்கும் அது தோன்றவில்லை. மேலதிகாரி அவர் அருகே போய்த் தோளில் கைபோட்டு, கதிரையில் இருத்தித் தேநீர் வரவழைத்தார்.

அடுத்த மட்டைக்குத் துணைக்குழு அமைக்கப்படவில்லை. அவரே கொழும்புக்குப் போனார், என்னையும் கூட்டிப்போனார். அதே கடை, முதலாளி அதே இரண்டு விதத்தையும் எடுத்து வைத்து, பந்தைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

"எது நிக்கும்?" என்று மேலதிகாரி என்னைக் கேட்டார்.

இந்தத் தடவை மற்றதைக் காட்டினேன். "பெருவிரலால தேச்சுப் பாருங்க சேர். கவ்வும். தலைகீழாப் பிடிச்சா விழும். கையால துடைக்கக் கூடாது. பஞ்சும் தண்ணியும், மறுகா ஒரு பிளாஸ்ரிக் தாள் போட்டு மூடி வைக்கணும். ஆரம்பத்தில பெரிசாத் தெரியாது."

அவர் தேய்த்துப் பார்த்தார். ஒட்டுகிற மட்டையையும் ஒரு தரம் ஆசையோடு கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார். முன்பும் எனக்கு இது தெரிந்திருந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

புது மட்டையோடு அவர் கந்தோரில் எல்லோரிடமும் தோற்றார். என்னிடம் தோற்ற அன்று, எனக்கு லாகுகலைக் காட்டுப் பக்கம் மாற்றல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. மெல்ல மெல்ல அவருடைய கை அந்த றப்பருக்குப் பழகியது. சுழல் திரும்பி வந்தது, மாதக்கணக்காக நின்றது. ஒரு நாள் அவர் என்னை நிசமாகவே வென்றார். மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உண்மையாவா?"

"உண்மையா சேர்."

அவர் நம்பவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வெல்லும்போதெல்லாம் எங்கள் முகங்களைத் துருவித் துருவிப் பார்ப்பார். நாங்களும் உண்மையாகத் தோற்ற முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் முழிப்போம். கொஞ்ச நாளில் எங்களோடு விளையாடுவதை விட்டுவிட்டார். வெள்ளாமைக்காரர்கள் தங்கள் அறைக்குத் திரும்பி வந்து, பச்சை மேசையில் குடைகளையும் கடதாசிகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வினாயகபுரம் போனார். ஜீப்பை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் போனோம். அந்த ஒல்லி இளைஞர் ஊர் வாசிகசாலை விறாந்தையில் மேசை போட்டு விளையாடுவார் என்று விசாரித்து வைத்திருந்தார். "என்ன சேர், இஞ்சால?" என்று இளைஞர் திகைத்தார். "விளையாட வந்தன்," என்றார் இவர். அன்று தோற்றார். அடுத்த சனிக்கிழமையும் போய்த் தோற்றார். மேலும் பல சனிக்கிழமைகள் அப்படியே போயின. திரும்பி வரும்போது சேட்டெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும்; முகம் மட்டும் தெளிவாக இருக்கும்.

மழைக்காலம் முடிந்து வெயில் பட்ட ஒரு சனிக்கிழமை, கடைசிப் பந்து இளைஞரின் மட்டை விளிம்பில் பட்டு விறாந்தைக்கு வெளியே மணலில் போய் விழுந்தது. ஆட்டம் மேலதிகாரிக்கு. இளைஞர் மட்டையை மேசையில் ஓங்கி அடித்தார். "சனியன்! கைக்குள்ள வந்த ஆட்டம்!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் எதிரே நிற்பது யாரென்று நினைவு வந்தது போலும். ஆனாலும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, மூச்சு வாங்க அப்படியே நின்றார்.

"உண்மையாவா?" என்று மேலதிகாரி என்னைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் பிடித்த முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆட்டம்," என்றார் இளைஞர், பந்தை எடுக்க மணலில் இறங்கிக்கொண்டே. "போகாதீங்க சேர்."

"நான் எங்க போறன்?" என்றார் அவர்.

அந்த ஆட்டத்திலும் அதற்கடுத்ததிலும் அவர் படுமோசமாகத் தோற்றார். நாங்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மீன் ஏற்றிப்போன ஒரு லொறியின் முன்பக்கத்தில் நெருக்கிக்கொண்டு கல்முனைக்கு வந்து சேர்ந்தோம்.