முகாமுக்குப் போன மகளுக்கு நான் சொன்ன புத்தி

இரண்டு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் நடந்தது இது. அப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. முருங்கனுக்குக் கிட்ட ஒரு பயிற்சி நிலையத்தில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஐந்து நாள் முகாம் வைத்தார்கள். அங்கேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, முதலுதவி, நாடகம், கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது எல்லாம் பழக வேண்டும். எங்கள் வங்காலையில் இருந்து நான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அதுவரை அவள் ஒரு நாள்கூட என்னை விட்டு வேறு இடத்தில் படுத்ததில்லை.

"முகாமை விட்டு வர உனக்கு இருபது வருசம் பிடிச்சது. இப்ப மகளை நீயே கொண்டுபோய் முகாமில விடப் போறியோ?" என்று என் கணவர் பகிடி பண்ணினார். நான் சின்னப் பிள்ளையாகப் படகில் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே அகதி முகாமில் வளர்ந்து, கலியாணமும் அங்கேயே முடித்துத் திரும்பி வந்தவள். அவருடைய பகிடிக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் என் வாய் மூடவே இல்லை. வாசலில் யார் காவல்? பிள்ளைகளோடு இரவில் எந்த டீச்சர் படுப்பார்? ஆண்கள் யாராவது உள்ளே வருவார்களா? குளத்தில் குளிக்க விடுவீர்களா? பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள்? முகாமுக்குப் பொறுப்பாக இருந்த டீச்சர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெற்றோர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறித்தான் போயிற்று.

கடைசியில் கொண்டச்சிப் பக்கம் இருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா எழும்பினார். "டீச்சர், டொய்லெட் எத்தின இருக்கு? புள்ளைகள் படுக்கிற இடத்துக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்? கழுவ, தொழுகைக்கு ஒளு எடுக்கத் தண்ணி எங்கால?" என்று சத்தமாகவே கேட்டார். தகப்பன்மார் எல்லாம் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். முன்வரிசையில் பாதர் ஒருவரும் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் இப்படியும் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். டீச்சர் முகம் சிவந்து, "பின்பக்கம் மூண்டு இருக்கு. மைதானத்தைத் தாண்டிப் போகவேணும். பீப்பாவில தண்ணி நிரப்பி வைப்பம்" என்றார். அந்த அக்கா விடவில்லை. அந்த வழிக்கு ஒரு லைட் வேண்டும், பீப்பாவில் தண்ணீர் முடிந்தால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் கேட்டு முடித்துத்தான் கதிரையில் உட்கார்ந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மகளின் பையை நானே அடுக்கினேன். உடுப்பு, துவாய், செபமாலை, காய்ச்சல் குளிசை, இரவில் கொளுத்த நுளம்புத்திரி. பிறகு ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு இப்படிப் புத்தி சொன்னேன். "ஒரு நாளைக்கு இந்த ஒரு போத்தல் காணும். நாக்கு நனைஞ்சாச் சரி. நெடுகத் தண்ணி குடிச்சா நெடுக ஓட வேண்டி வரும். தெரியாத இடத்தில அடிக்கடி டொய்லெட் பக்கம் போய் நிக்காத, என்ன?"

அவள் "ஓம் அம்மா" என்றாள்.

இதை நான் தீய நோக்கத்தில் சொல்லவில்லை என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு என் அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். நாங்கள் இருந்த அகதி முகாமில் மலசலகூடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். பாதிக் கதவுகளுக்குக் கொளுக்கி இல்லை. பெண் பிள்ளைகள் போனால் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே சிலர் அந்தப் பக்கம் நிற்பார்கள். அதனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. பழகியபின் அதை ஒரு கெட்டித்தனம் என்றே நினைக்கத் தொடங்கினேன். மன்னாரில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனாலும் நடுவில் நான் இறங்க மாட்டேன். இப்போது நான் வேலை செய்வது நண்டுச் சதை பிரித்தெடுக்கும் ஓர் இடத்தில். அங்கேயும் அப்படித்தான். கையுறை, தொப்பி, ஏப்ரன் எல்லாம் கழற்றிவிட்டுப் போய்வந்து திரும்ப மாட்டுகிற வேலை ஏன் என்று, விடிய ஒரு பிளேன்டீயோடு மத்தியானம் வரை நிற்பேன். கூட வேலை செய்கிறவர்கள் "உனக்கு இரும்புடம்பு" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

முகாமில் பின்னேரம் ஐந்து மணிக்கு டீச்சரின் போனில் இரண்டு நிமிடம் பேச விடுவார்கள். முதல் நாள் மகள் உற்சாகமாகப் பேசினாள். இரண்டாம் நாள் குரல் கொஞ்சம் இறங்கி இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், "ஓம்" என்றாள். எல்லாம் சரியா என்று கேட்டேன். "ஓம் அம்மா, நீங்கள் சொன்ன மாதிரித்தான் இருக்கிறன்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த நாள் காலை வேலைக்குப் போனதும் என் பிள்ளை எவ்வளவு சொற்கேட்பவள் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, போன் வந்தது. டீச்சர்தான். "பிள்ளைக்குக் குலப்பன் காய்ச்சல் மாதிரி இருக்கு, உடம்பு உதறுது, ரெண்டு தரம் சத்தியும் எடுத்தவ. முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறம். பயப்பிடாதேங்கோ, வாங்கோ" என்றார்.

கணவர் அன்று கடலுக்குப் போயிருந்தார். ஒரு ஓட்டோவைப் பிடித்து நானாட்டான் வழியாக முருங்கனுக்குப் போனேன். வழி முழுக்க டீச்சரை ஏசுவதற்குச் சொற்களை அடுக்கினேன். பழுதான சாப்பாடு கொடுத்திருப்பார்கள், வெயிலில் ஓட விட்டிருப்பார்கள், என் பிள்ளையைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவ்வளவு கேள்வி கேட்டு ஒப்படைத்த பிள்ளை அல்லவா!

வார்டில் மகள் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளுக்குப் போயிருந்தது. மூன்று நாளில் ஒரு பிள்ளை இப்படி மாறுமா? கட்டிலுக்குப் பக்கத்தில் டீச்சர் இருந்தார். அவருடைய சட்டையில் மகள் எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பொறுப்பெடுக்க ஏலாட்டி ஏன் முகாம் வைக்கிறியள்?" என்றேன். அவர் "நாங்கள் கவனிச்சிருக்க வேணும் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அப்போது நேர்ஸ் ஒருவர் வந்தார். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். என்னைப் பொருட்படுத்தாமல் மகளின் தலையைத் தடவி, "பிள்ளை, கடைசியா எப்ப சலம் போனனீங்கள்?" என்று கேட்டார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது.

"சொல்லுங்கோ பிள்ளை, ஒருத்தரும் ஏசமாட்டினம்."

"நேற்றுக் காலமை ஒருக்கா" என்றாள்.

"அதுக்குப் பிறகு?"

"அடக்கிக்கொண்டு இருந்தனான்."

"தண்ணி எவ்வளவு குடிச்சனீங்கள்?"

"ஒரு நாளைக்கு அம்மா தந்த போத்தல்ல அரைவாசி. அம்மாதானே நாக்கு நனைஞ்சாக் காணும் எண்டு சொன்னவா."

ஓகஸ்ட் மாத வெயில் எங்கள் பக்கம் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு விளங்கும். அந்த வெயிலில் ஓடியாடிய பிள்ளை, நாளுக்கு அரைப் போத்தல் தண்ணீரோடு இருந்திருக்கிறாள். நான் சொன்னதைவிட ஒருபடி மேலே போய்ச் செய்திருக்கிறாள். என் சொல்லைக் கேட்கிற பிள்ளை.

நேர்ஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "சலத்தில கிருமி. அது மேல ஏறி கிட்னி வரைக்கும் போயிருக்கும் எண்டு டொக்டர் சொல்றார். நேரத்தோட கொண்டு வந்திட்டினம், ஊசி மருந்து போடுறம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வேற கதை" என்றார். எங்கள் பக்கத்தில் கிட்னி என்ற சொல்லைக் கேட்டாலே ஈரக்குலை நடுங்கும். அந்த நோயோடு கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுவரோடு கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கள் காலமையில இருந்து என்ன குடிச்சனீங்கள்?" என்று நேர்ஸ் திடீரென்று கேட்டார்.

"ஒரு பிளேன்டீ."

"இப்ப நேரம் பதினொண்டரை" என்றார் அவர். உள்ளே போய் ஒரு பெரிய கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். அதை வெளியே வைத்துக் குடிக்க விடவில்லை. மகளின் கட்டிலடிக்குக் கூட்டிப்போய், "உங்கட பிள்ளை பாக்க இதை முழுக்கக் குடியுங்கோ" என்றார். நான் குடித்தேன். டீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வெட்கத்தோடு வாழ்க்கையில் நான் எதையும் விழுங்கியதில்லை.

டீச்சரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், பிள்ளைக்குச் சுகமில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மகளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்த ஒரு பிள்ளைதான் சொன்னதாம். அந்தப் பிள்ளை டொய்லெட்டுக்குப் போகும்போதெல்லாம், தனியே போகப் பயப்படுகிற பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு போகுமாம். எத்தனை தரம் கூப்பிட்டும் என் மகள் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் மகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை அதை நம்பாமல் ஓடிப்போய், "டீச்சர், இவ ரெண்டு நாளா எங்களோட வரவே இல்ல" என்று சொல்லியிருக்கிறது.

"ஆற்ற பிள்ளை?" என்று கேட்டேன்.

"கொண்டச்சியில இருந்து வந்த பிள்ளை. கூட்டத்தில தாய் எழும்பிக் கேட்டவா, ஞாபகம் இருக்கோ?" என்றார் டீச்சர். எனக்கு ஞாபகம் இருந்தது.

முகாம் முடிகிற நாளும் மகள் வார்டில்தான் இருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் மருந்து முடிய இன்னும் நாள் இருந்தது. கணவரை அவளோடு விட்டுவிட்டு, அவளுடைய பையை எடுத்துவர நான் முகாமுக்குப் போனேன். பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். அது முடிந்ததும் பெற்றோர் யாராவது பேசலாம் என்றார்கள். நான் எழும்பினேன். தகப்பன்மாரும் இருந்தார்கள், பாதரும் இருந்தார். நான் மகளுக்குச் சொன்ன புத்தியையும், அவள் கிடக்கிற கிடையையும் அப்படியே சொன்னேன். டீச்சரை வார்டில் வைத்துக் கத்தியது பிழை என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எங்கள் ஊர் அம்மா ஒருவர், "நானும் என்ர பிள்ளைக்கு அதைத்தான் சொல்லி விட்டனான்" என்றார். பின்னால் இருந்து இன்னொருவர், பள்ளிக்கூட நாளிலும் மகள் வீட்டுக்கு வந்துதான் டொய்லெட்டுக்குப் போவாள் என்றார். அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். வாசல் காவலைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் எங்களுக்கு அவ்வளவு கவலை இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் போகவேண்டிய இடத்தை, அந்த ஒரு அக்காவைத் தவிர, நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை, போய்ப் பார்க்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் அவரைத் தேடிப் போனேன். "அக்கா, அண்டைக்கு நீங்கள் கேட்ட நேரம் நானும் சிரிச்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. நீங்கதான் முதல்ல சிரிச்ச" என்றார் அவர். அவர் என் கையைப் பிடித்து, "அத விடுங்க. மகள் இப்ப தண்ணி குடிக்கிறாவா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

மகள் தேறிவிட்டாள். பிறகு எடுத்த பரிசோதனைகளில் கிட்னிக்குப் பழுதில்லை என்று சொன்னார்கள். போன வருடமும் அவள் ஒரு முகாமுக்குப் போனாள். நான் முதலில் போய்ப் பார்த்தது மலசலகூடத்தைத்தான். வேலைத்தலத்திலும் இப்போது ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போகிறேன், வருகிறேன். அதனால் நண்டு ஒன்றும் ஓடிப்போகவில்லை. ஆனாலும், நான் பட்டது என் பிள்ளை படக்கூடாது என்றுதான் கடல் தாண்டி ஊருக்குத் திரும்பி வந்தேன். வந்து, அதே தாகத்தை என் வாயாலேயே அவளுக்குப் பழக்கிவிட்டேனே என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.