மூன்றாம் மாடியில் ஒளித்த புத்தகம்

அந்தப் புத்தகத்தை நான் திருடவில்லை. நூலகத்தை விட்டு அது ஒருநாளும் வெளியே போனதில்லை. முதல் மாடியில் இசைப் பகுதியில் இருந்ததை எடுத்து, மூன்றாம் மாடியில் புள்ளியியல் நூல்களுக்குப் பின்னால் வைத்தேன், அவ்வளவுதான். பல வருடங்கள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கோயிலில் சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிகள்தான் என் ஆய்வுப் பொருள். எந்த வீதியில், எந்த வேளையில் எதை வாசிக்க வேண்டும் என்று ஒரு நாகஸ்வரக்காரர் ஸ்வரக் குறிப்புகளோடு எழுதி அச்சிட்ட பழைய புத்தகம் அது. தமிழ்நாட்டில் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இங்கே ஒரே ஒரு பிரதி இருந்தது. முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். மாணவர்கள் வெளியே எடுத்துப் போகக் கூடாது. தாள் உதிர்ந்துவிடும் என்பதால் ஜெராக்ஸும் கிடையாது. கைப்பேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். உட்கார்ந்து கையால் பிரதி எடுப்பதுதான் ஒரே வழி.

ஆசிரியர்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வாரம் நான் தங்கியிருந்த துவாரகாவிலிருந்து தினமும் மெட்ரோ பிடித்து வந்து பார்த்தால் புத்தகம் இல்லை. யாரோ ஒரு பேராசிரியர் கொண்டுபோயிருந்தார். அது திரும்பி வந்த அன்றே நான் அதை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. புள்ளியியல் பக்கம் யாரும் வர மாட்டார்கள். காலையில் வந்ததும் எடுப்பேன், அங்கேயே ஜன்னலோர மேஜையில் எழுதுவேன், கிளம்பும்போது பழைய இடத்தில் செருகிவிடுவேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஓர் அக்கா வந்தாள்.

நோட்டு தீர்ந்து, வாசலில் வைத்த பையிலிருந்து வேறு எடுத்துவர முதல் மாடி வழியாக நான் இறங்கியபோது இசைப் பகுதியில் தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டில் ஒவ்வொரு புத்தகமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். என் கையில் இருந்த நோட்டின் அட்டையில் தமிழைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“நீ தமிழா? அச்சா! நான் லக்ஷ்மிபாய் நகர். இங்கயே பொறந்து வளந்தவ. தமிழ் பேசுவேன், வாசிக்கத்தான் தடுமாறுவேன். ஒரு புஸ்தகம் தேடிட்டிருக்கேன்மா. கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுது, ரேக்ல பாத்தா காணோம்.”

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். படிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்கிறாள். தெற்கத்திக் கோயில் திருவிழாக்களின் இசை அவள் பொருள். பத்து நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் புத்தகத்துக்காகவே வந்திருந்தாள்.

“மாடியில இருக்கு அக்கா, கொண்டு வரேன்” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். “நானும் தேடிப் பாக்கறேன் அக்கா” என்று சொன்னேன்.

தேடவும் செய்தேன். இன்றுவரை என்னால் நம்ப முடியாதது அதுதான். அவள் பக்கத்தில் நின்று, வரிசை வரிசையாக, இல்லாத இடத்தில் எல்லாம் கையை விட்டுத் தேடினேன். இந்துஸ்தானி இசை, நடனம், நாட்டுப்புறவியல் என்று எங்கே எல்லாம் மாறிப் போயிருக்கலாம் என்று யோசனை சொன்னதும் நானே. தினமும் மதியம் காண்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் கொண்டுவந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிடுவோம். “நீ ஒல்லியா இருக்கே, இன்னொண்ணு எடு” என்பாள். சாப்பிட்டு முடித்து, “வேற வேலை இருக்கு அக்கா” என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் திறப்பேன்.

ஆறாம் நாள் மனசு தாங்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் குரல் கேட்டது. கீழே நூலக உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ‘எங்கே இருந்தது?’ என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஆறு நாள் கூடவே தேடியவள் என்ன முகத்தோடு அதை நீட்டுவது? முதல் நாளே சொல்லியிருந்தால் அது சின்னத் தப்பு. ஒவ்வொரு நாளும் நான் அதைப் பெரிதாக்கிவிட்டிருந்தேன். திரும்பி மேலேறிவிட்டேன்.

அந்த உதவியாளர் ஒப்பந்த வேலையில் இருந்த வடக்கத்திப் பெண்மணி. எல்லோரும் ‘தீதி’ என்று, ஹிந்தியில் அக்கா என்று கூப்பிடுவோம். இசைப் பகுதி அவர் பொறுப்பு. அக்கா கடைசியில் எழுத்தில் புகார் கொடுக்க, புத்தகம் எங்கே என்று விளக்கம் கேட்டு தீதிக்கு மெமோ வந்துவிட்டது. வேலைநேரம் முடிந்தும் நின்று தட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பத்தாம் நாள் அக்கா விடைபெற்றாள். “விடும்மா. அந்தப் பகுதி இல்லாமலே எழுதிக்கறேன். நீ இவ்வளவு தேடினியே, அது போதும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போன மூன்றாம் நாள் என் பிரதி முடிந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, புத்தகத்தை அதன் சொந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் தீதி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். “மில் கயீ!” என்றார், கிடைத்துவிட்டதாம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதே இடத்தில் பத்துத் தடவை தேடினேனே, எனக்கு என்ன ஆகிறது, கண் போய்விட்டதா, புத்தி போய்விட்டதா என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பக் கேட்டார். சரியாகத் தேடாமல் புகார் வரும்வரை விட்டதாக மேலே எழுதிவிட்டார்களாம். “ஹோதா ஹை, தீதி” என்றேன் நான். நடக்கிறதுதான், கவலைப்படாதீர்கள் என்று. உன் தோழிக்குச் சொல்லிவிடு என்றார். தலையாட்டினேன்.

சொல்லவில்லை. சமர்ப்பித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சமர்ப்பித்த பிறகு, இனி சொல்லி என்ன என்று தோன்றியது. பட்டம் வந்தது, குருகிராமில் ஒரு வேலையும் கிடைத்தது.

சில வருடங்கள் கழித்து வேறு எதையோ இணையத்தில் தேடும்போது அக்காவின் ஆய்வேடு கண்ணில் பட்டது. திறந்தேன். சாமி புறப்பாட்டு இசை பற்றிய அத்தியாயம் மெலிந்து ஐந்தே பக்கமாக இருந்தது. அதன் கீழே, முக்கியமான ஒரு நூல் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு. அடுத்த வரியில், தன்னோடு பத்து நாளும் தேடிய ஆய்வு மாணவிக்கு நன்றி என்று போட்டு, என் பெயர்.

அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே அவளைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன்.

“நான் உன்கூட உக்காந்து சாப்பிட்டேனே” என்றாள்.

“ஆமா அக்கா.”

“அந்த தீதி? அவங்கள்ட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“முதல்ல அங்க போ” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை போனேன். தீதி இல்லை. அடுத்த தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, ஊர்ப்பக்கம் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அந்த மெமோவால்தானா என்று கேட்டேன். தெரியாது மேடம், நிறையப் பேரை நிறுத்தினார்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர். நடந்ததை ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பழைய கோப்பில் சேர்க்கச் சொல்லி நூலகரிடம் கொடுத்தேன். அவர் புதியவர். படித்துவிட்டு, இப்போது இதை வைத்து என்ன செய்யட்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் மற்ற காகிதங்கள் கிடந்த தட்டில் போட்டார்.

என் கையெழுத்துப் பிரதி முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து, அக்காவுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். தீதியைப் பற்றித் தெரிந்ததையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்ததாகத் தபால் துறையிலிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அக்காவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.