ஒற்றைக் காதும் நான்கு குரல்களும்

கைகள் உயரும். நாற்பது வாய்கள் திறக்கும். உடனே கைகள் இறங்கிவிடும். “மூச்சு எங்க? பாட்டு எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல மூச்சு வரட்டும்.” மறுபடி கை உயரும், மறுபடி இறங்கும். முதல் சொல்லைப் பாட விடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். எங்கள் சேர்ந்திசைக் குழுவின் நடத்துநரான அவருக்குப் பல்கலைக்கழகம் முழுக்க ‘மூச்சு மேடம்’ என்றுதான் பெயர்.

இடுப்பில் செருகிய முந்தானை, கையில் வெந்நீர்க் குடுவை. எந்த ஓசையையும் சும்மா விடமாட்டார். “எங்க வீட்டு பிரிட்ஜ் சுதி சேர்ந்து பாடுது. பக்கத்து வீட்டு மோட்டார்தான் கொஞ்சம் இறங்குது” என்பார். “என் மக கண்டக்டர்” என்று அவருடைய அம்மா ஒரு கல்யாணத்தில் பெருமையாகச் சொல்ல, “எந்த ரூட்டு பஸ்ஸு?” என்று கேட்டாராம் சித்தப்பா. அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார்.

வேதியியல் கூடத்தை ஒட்டிய சரக்கறைதான் எங்கள் பயிற்சி அறை. அமில நெடியில் நான்கு குரல் வரிசைகளாக நின்று பாடுவோம்: அவருக்கு இடப்பக்கம் பெண்களின் மேல்குரல், வலப்பக்கம் ஆண்களின் அடிக்குரல், நடுவே மற்ற இரண்டு. பாடத் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. கட்டடப் பொறியியல் மாணவனான நான் பாடிக் காட்டியதும் முகத்தைச் சுளிக்காமல் சொன்னார்: “கரடுமுரடாத்தான் இருக்கு. பரவாயில்ல, அஸ்திவாரத்துக்குக் கருங்கல்தானே வேணும்? அடிக்குரல் வரிசையில போய் நில்லு.”

என் இரண்டாம் ஆண்டில் கடுங்காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தார். முதல் நாள் பயிற்சியிலேயே பாட்டை நிறுத்தி இடப்பக்கம் திரும்பினார். “மேல்குரல் ஏன் பாடல?”

மேல்குரல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். மேடம் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலையை விடப் போகிறார் என்று மறுநாள் துறைத் தலைவர் சொன்னார்.

எல்லோருமாக வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அவருடைய கணவர், “காலையிலேர்ந்து பிரிட்ஜ் பக்கத்துலயே நிக்கிறா. இந்தக் காதை வெச்சுப் பாக்குறா, அந்தக் காதை வெச்சுப் பாக்குறா” என்றார்.

மேல்குரல்காரி ஒருத்தி இருந்தாள், ‘விசில்’ என்போம். அவள்தான் வாயைத் திறந்தாள். “இடப்பக்கம் கேக்கலன்னா நாங்க வலப்பக்கம் வந்து நிக்கிறோம் மேடம். இதுக்குப் போயி யாராவது வேலைய விடுவாங்களா?”

“அப்ப அடிக்குரல் கேக்காதே கண்ணு.”

“நாங்க எங்க நின்னாலும் இடி இடிக்கும் மேடம்” என்றேன். அழுதுகொண்டிருந்த மேடம் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் பயிற்சிக்குத் திரும்பி வந்தவர் வரிசைகளையே கலைத்துவிட்டார். வட்டமாக நிற்க வைத்தார். ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்தில் வேறு வேறு குரல்கள். “பக்கத்துல இருக்கிறவனைக் கேளு. ஆனா உன் குரலை விட்டுடாத.” நாங்கள் பாட, அவர் நடுவே நடப்பார். ஒவ்வொருவர் முன்பும் நின்று வலது காதை வாயருகே சாய்ப்பார். என் முறை எப்போது வரும் என்று காத்திருப்பேன். என் குரலை அப்படி உற்றுக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை. வெளியூர்க் குழுக்கள் எங்களைப் பார்க்க வந்ததும் பெரிய அரங்குகள் கூப்பிட்டதும் அதன் பிறகுதான்.

போன மாதம் அவருக்குப் பணி ஓய்வு விழா. பழைய மாணவர்கள் நரையும் வழுக்கையுமாக அரங்கை நிறைத்திருந்தோம். துணைவேந்தர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இசைக்கடல் என்றார், இமயம் என்றார், முடிப்பதாக இல்லை. மேடையோரத் திரைக்குப் பின்னால், அடுத்துப் பாட வேண்டிய இந்த ஆண்டுப் பிள்ளைகள் கிசுகிசுத்துக்கொண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டும் இருந்தார்கள்.

மேடம், திரையை ஒட்டி உட்கார்ந்திருந்த துறைத் தலைவரிடம் குனிந்து, “கொஞ்சம் மாறி உக்காரலாமா? இங்க காத்தே வரல” என்றார். அவரும் எழுந்து இடம் கொடுத்தார். மேடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, துணைவேந்தருக்கு இடது காதைக் கொடுத்துவிட்டு, வலது காதைத் திரைப்பக்கம் சாய்த்துக்கொண்டார்.