உங்களுக்கு பாத்ரூம் கீழே

வீடு வீடாகப் போய் முகத்தைப் பளபளப்பாக்கும் எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது புருவம் எடுப்பதல்ல, அடக்கிக்கொள்வது. தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் சாயங்காலம் வரை அப்படித்தான். அடுத்தவர் வீட்டில் வேலை செய்யும் தோழிகளே, எதை அடக்குவது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காலும் கைப்பையும்

மேடவாக்கத்தில் ஒரு டீச்சரம்மா. மார்க்கெட் போய்வந்த அவர் காலை என் மடியில் வைத்து வெடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கைப்பை சோபா ஓரத்தில் இருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். "அச்சோ, கீழ வைங்கம்மா. எங்கெங்கயோ வச்சு எடுத்த பை!"

தோழிக்கு லெஃப்ட்

பள்ளிக்கரணையில் ஒன்பதாவது மாடி. வீட்டுக்கார அக்காவின் தோழி அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார். "பாத்ரூம் எங்கடி?" என்றதும், "லெஃப்ட்ல போ" என்றார் அக்கா. தோழி போய்விட்டு வந்ததும் நானும் கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "கீழ டிரைவருங்களுக்குன்னு ஒண்ணு இருக்கும்மா, செக்யூரிட்டிகிட்ட கேளுங்க."

இறங்கிப் போனேன். அங்கே கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் பாவம், தலையைச் சொறிந்தார். "நான் வேணா அந்தாண்ட திரும்பி நின்னுகினு, யாரும் வராம பாத்துக்கறேம்மா."

டாக்டர் சொன்ன வைத்தியம்

அன்று போகாமலே திரும்பினேன். அப்படியே அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்தேன். டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு எங்கே போவது என்று சொல்லவில்லை. இதே வேலை பார்க்கும் செல்வி சிரித்தாள். "அவருக்கு இன்னா, ரூம்லயே பாத்ரூம் கீது."

ஃபேஸ் பேக் காயும் நேரம்

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் மேடம். எல்லோரும் சமம் என்று மறுநாள் ஆபீஸ் மேடையில் பேச வேண்டுமாம், அதற்கு ஃபேஷியல். டாக்டர் பேச்சைக் கேட்டு வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தேன். பாத்ரூம் கேட்டேன். "சாரி சிஸ்டர், வெளியாளுங்களை அலவ் பண்றதில்ல" என்றார்.

முகம் முழுக்க பேக் பூசி, கண்ணில் வெள்ளரிக்காய் வைத்தேன். "காயற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க மேடம், தோல் சுருங்கிடும்" என்றேன். பிறகு நிதானமாகச் சொன்னேன், "நான் பாத்ரூம் போய்ட்டு வரேன்." "ம்ம்! ம்ம்ம்!" என்று சத்தம் மட்டும் வந்தது. அந்த வீட்டுத் தாழ்ப்பாள் அருமையாக வேலை செய்தது.

முகம் கழுவியதும் கண்ணாடி பார்த்தார், கன்னத்தைத் தடவினார், அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "ஃபேஷியல் சூப்பரா வந்திருக்கு. ஆனா எங்கெங்க தொட்டீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, ஃபினாயில் போடணும்."

இத்தனை வருஷம் எதையெதையோ அடக்கிய நான் இதை மட்டும் அடக்கவில்லை: "அதிகமா தொட்டது உங்க முகத்தைத்தான் மேடம், அங்கேருந்தே ஆரம்பிங்க."